அம்புக்குறி இல்லாத சமன்பாடு

ஜனவரி 29, புதன்

காலையில் ரத்த அழுத்தம் 140/90. மாத்திரை போட்டேன். கறிவேப்பிலைச் செடியில் வெள்ளைப் பூச்சி விழுந்திருக்கிறது. வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டும்.

சனிக்கிழமை கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. இயற்பியல் துறைத் தலைவன் என்ற முறையில் எல்லாம் என் பொறுப்பு. சிறப்புரையும் நானே ஆற்ற வேண்டும் என்று செயலர் தனுஷ்கோடி கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல்வர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அடுத்து யார் என்பதைச் செயலர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்துகிறவர், பேச்சில் சிக்கனம். ஆனால் கோவில்பட்டியில் எல்லோருக்கும் தெரியும்.

உரையின் தலைப்பு: 'சமன்பாடு காரணத்தைச் சொல்லுமா?' சொல்லாது என்பது என் கட்சி. விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். விசையால்தான் முடுக்கம் உண்டாகிறது என்று மாணவன் மனப்பாடம் செய்கிறான். சமக்குறி அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தராசின் இரண்டு தட்டும் நேராக நின்றால் எந்தத் தட்டு எந்தத் தட்டை நிறுத்தியது என்று எவனும் கேட்பதில்லை. காரணம், காரியம் என்பதெல்லாம் கோர்ட்டிலும் வீட்டுச் சண்டையிலும் புழங்குகிற சொற்கள். இயற்பியல் அதைத் தாண்டி வந்துவிட்டது.

மதியம் இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது எப்சிபா குறுக்கிட்டாள். துறையில் சேர்ந்து நான்கு வருடம் ஆன உதவிப் பேராசிரியை. கெட்டிக்காரி, அதை அடக்கிக்கொள்ளத்தான் தெரியவில்லை.

"சார், குக்கர்ல ஒரு அழுத்தமானி மாட்டிருக்குன்னு வைங்க. உள்ள அழுத்தம் எவ்வளவோ முள்ளு அவ்வளவு காட்டும். ரெண்டும் சமம்லா? இப்ப வெயிட்ட தூக்கினா அழுத்தம் எறங்கும், முள்ளும் எறங்கும். ஆனா முள்ள நம்ம விரலால கீழ தள்ளினா குக்கர் ஆறிருமா?"

"அது சமன்பாட்டில் இல்லையே."

"இல்லதான் சார். சமன்பாட்டுல அம்புக்குறி கெடையாது. ஒண்ண நம்ம கைவச்சு மாத்திப் பாக்கும்போதுதான் எது எதை மாத்துதுன்னு தெரியுது. அதனால காரணமே இல்லன்னு ஆயிராது."

மற்றவர்கள் சிரித்தார்கள். சமையலறை உதாரணம் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஜனவரி 30, வியாழன்

திரவ நைட்ரஜன் வந்துவிட்டது. மீக்கடத்தி ஒன்றை அதில் குளிரவைத்து அதன்மேல் காந்தம் அந்தரத்தில் மிதப்பதைக் காட்டப் போகிறோம். செயலர் அதைத்தான் ஆவலோடு எதிர்பார்க்கிறார். மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசி வைத்திருக்கும் கேன் போன்ற ஒன்று, வேறொரு கல்லூரியில் இரவல் வாங்கியது. கொண்டுவந்த ஆள் ஆய்வக உதவியாளன் உச்சிமாகாளியிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். நான் முதல்வர் அறையில் இருந்தேன்.

கேன் பழசு. வாய்த் தக்கையைச் சுற்றி வெண்புகை வந்துகொண்டே இருக்கிறது. இப்படிப் போனால் சனிக்கிழமைக்கு ஒரு சொட்டு மிஞ்சாது.

வேப்பெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

ஆய்வகத்தில் விபத்து. இன்று எழுத இயலாது.

பிப்ரவரி 1, சனி

கண்காட்சி ரத்து.

நேற்று மாலை நான்கு பத்துக்கு நான் மாடியில் உரைக்கான படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வெடி. மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் கீழே விழுந்தது. இறங்கி ஓடினேன். ஆய்வகக் கதவு வராந்தாவில் கிடந்தது. அறை முழுக்க வெள்ளைப் புகை, முழங்கால் உயரத்துக்கு. உச்சிமாகாளி சுவரோரம் கிடந்தான். வலது கையில் பெரிய ஸ்பேனர். எப்சிபா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். காது அடைத்திருந்ததால் கேட்கவில்லை.

திருநெல்வேலிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடம் என் துறையில் வேலை பார்த்தவன்.

நைட்ரஜனை அவன் கேனிலிருந்து ஸ்டோரில் கிடந்த பழைய எஃகுப் பாத்திரத்துக்கு மாற்றியிருக்கிறான். கனத்த திருகு மூடி போட்ட பாத்திரம். திரவம் ஆவியானால் ஏறக்குறைய எழுநூறு மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பக்கத்து அறையில் இருபத்திரண்டு மாணவிகள் கண்காட்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் முனகுகிற மாதிரி சத்தம் வந்ததும் உச்சிமாகாளி ஓடி வந்து அவர்கள் அத்தனை பேரையும் வெளியே விரட்டியிருக்கிறான். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பியிருக்கிறான்.

வீணாகாமல் பார்த்துக்கொள் என்று மட்டும்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அடக்கம் நேற்று. துறை சார்பில் மாலை போட்டேன். அவன் மனைவி செண்பகவல்லி என் காலடியில் விழுந்து, "உங்களத்தானய்யா நம்பி இருந்தாக" என்று அழுதாள். மகள் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு, அழாமல் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். இது எப்படி நடந்தது என்று ஒரு தொழில்நுட்பக் குறிப்பு வேண்டுமாம். "சார், இதெல்லாம் எங்களுக்கு வெளங்காது. நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றார். நல்ல மனிதர்.

வேப்பெண்ணெய் தெளித்தாயிற்று.

பிப்ரவரி 5, புதன்

குறிப்பு முடிந்தது. மூன்று பக்கம். என் எழுத்தில் இவ்வளவு தெளிவாக வந்தது சமீபத்தில் வேறில்லை.

'காலை 11.30 மணியளவில் கேனிலிருந்த திரவம் எஃகுப் பாத்திரத்துக்கு மாற்றப்பட்டது. மூடி இறுக்கப்பட்டது. பிற்பகலில் அழுத்தம் உயர்ந்தது. 4.10 மணிக்குப் பாத்திரம் சிதறியது.' அடுத்து வாயுச் சமன்பாடு. அழுத்தம், கன அளவு, வாயுவின் அளவு, வெப்பநிலை ஆகிய நான்கும் எந்தக் கணத்திலும் எப்படிக் கட்டுண்டு நிற்கின்றன என்ற விளக்கம். கடைசிப் பத்தி: 'இச்சமன்பாடு மேற்கண்ட அளவுகளுக்கு இடையேயான உறவை மட்டுமே கூறும். இவற்றுள் ஒன்றையோ, ஒரு நபரையோ காரணம் என்று சுட்டுவது இயற்பியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.'

தட்டச்சு செய்த பிரதியை எப்சிபா படித்தாள்.

"எல்லாமே 'பட்டது' 'பட்டது'ன்னு இருக்கு சார். மாற்றப்பட்டது, இறுக்கப்பட்டது. யாரு மாத்துனா, யாரு மாத்தச் சொன்னா?"

"அறிவியல் நடை அதுதான்."

"ஆமா சார். எழுவாயே வேண்டாத நடை" என்றாள். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 8, சனி

பதினொரு மணிக்கு வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். என் மனைவி பிரமு எட்டிப் பார்த்துவிட்டு, "உச்சிமாகாளி வீட்டம்மா வந்திருக்கு" என்றாள். செண்பகவல்லி தரையில் உட்காரப் போனாள். பிரமு விடவில்லை, கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். காப்பி எடுத்துவர உள்ளே போனாள்.

செண்பகவல்லி மடியிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வெள்ளிக்கெழம மத்தியானம் சாப்புட வந்தாகய்யா. சாப்புட்டுட்டு இத எங்கையில குடுத்து, பத்திரமா வையி, சார் கையால எழுதுனதுன்னாக. சாமி படத்துக்குப் பின்னால செருகி வச்சிருந்தேன்."

"வேற யார்ட்டயும் காட்டினியா?"

"இல்லைங்கய்யா. உங்க எழுத்து உங்ககிட்ட இருக்கதுதான மொற."

காப்பியைப் பாதி குடித்துவிட்டுப் போய்விட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று நினைக்கிறேன்.

என் கையெழுத்துதான். பச்சை மை. 'எஃகுப் பாத்திரத்துக்கு மாற்றித் திருகு மூடியை இறுக்கி மூடவும். சனி காலை வரை திறக்கக் கூடாது.' கீழே என் சுருக்கொப்பம்.

முழுமைக்காக வெள்ளிக்கிழமை நடந்ததையும் குறித்துவைக்கிறேன். பதினொரு மணிக்கு அவனை என் அறைக்குக் கூப்பிட்டுப் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் போகாமல் கதவருகிலேயே நின்றான்.

"அய்யா, கேன் கொண்டாந்த ஆளு தக்கைய லூசாத்தான் வைக்கணும், இறுக்கி மூடிறாதீகன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான்."

"நீ எனக்குப் பிசிக்ஸ் எடுக்கிறியா?"

"அய்யோ, இல்லைங்கய்யா." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "எழுத்துல குடுத்துட்டீகன்னா செஞ்சுருதேன்."

முப்பத்திரண்டு வருட சர்வீஸில் ஓர் அட்டெண்டர் என்னிடம் எழுத்தில் கேட்டது அன்றுதான். எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது வரி அவன் கேட்ட தொனிக்காகச் சேர்த்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டாவது வரியை அவன் மீறியிருக்கிறான் என்பது. திறக்கப் போயிருக்கிறான். ஸ்பேனர் அதற்குச் சாட்சி. ஆகவே இந்தச் சீட்டு முழுக்க எனக்கு எதிரானது என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் காட்ட வழியில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்றுப் போட்டிருந்த சட்டையைக் காலையில் வாஷிங் மெஷினில் போட்டேன். பையில் சீட்டு இருந்தது நினைவில்லை. எடுத்தபோது வெள்ளை உருண்டையாக இருந்தது, கொஞ்சம் பச்சை.

பிரமு துணி காயப்போடும்போது சொன்னாள்: "முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் உங்க சட்டைய நீங்களே தொவைக்கப் போட்டிருக்கீக."

பிப்ரவரி 12, புதன்

விசாரணைக் குழு. செயலர் தனுஷ்கோடி, முதல்வர், ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர். என்னையும் எப்சிபாவையும் ஒன்றாகவே உட்காரவைத்தார்கள். செண்பகவல்லியை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

செயலர் என் குறிப்பைப் புரட்டினார். "எல்லாம் சரி சார். எனக்கு நேராச் சொல்லுங்க. யாரு காரணம்?"

"சமன்பாடு காரணத்தைச் சொல்வதில்லை. நான்கு அளவுகள்..."

"எங்க ஃபாக்டரில தீப்புடிச்சா நான் நாலு அளவுன்னு சொல்லிட்டு இருக்க முடியுமா? எவன் உரசுனான்னுதான் கேப்பாங்க."

அப்போது எப்சிபா எழுந்தாள். நான் தடுக்கவில்லை. தன் குக்கரை அவர்களிடமும் கொண்டுவந்தாள். அழுத்தமும் முள்ளும் சமம்தான், ஆனால் முள்ளைத் தள்ளினால் குக்கர் ஆறாது. எதன்மேல் கைவைத்தால் மற்றது மாறுகிறதோ அதுதான் காரணம். "கை எங்க பட்டுச்சுன்னு பாருங்க சார். வெயிட்ட யாரு வச்சா, மூடிய யாரு மூடுனா, அதப் பாத்தாக் காரணம் தெரிஞ்சிரும். சமன்பாட்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்க வேண்டாம்."

செயலருக்கு முகம் தெளிந்துவிட்டது. "இந்தப் பிள்ள சொல்றது வெளங்குது. கை வச்சவன்தான் காரணம். சரி, ஸ்பேனர் யாரு கையில இருந்துச்சு?"

எப்சிபாவின் வாய் திறந்தபடி நின்றது.

"உச்சிமாகாளி கையில" என்றார் முதல்வர்.

"மூடுனதும் அவன்தான?"

"அவன்தான்."

"அப்புறம் என்ன."

"சார், அதுக்கும் முந்தி பாக்கணும்" என்றாள் எப்சிபா. குரல் உடைந்துவிட்டது. "அவரா மூட மாட்டார் சார். மூடக் கூடாதுன்னு அவருக்குத் தெரியும், எங்கிட்டயே சொன்னாரு. ஹெச்ஓடி ரூம்ல இருந்து வரும்போது கையில ஒரு சீட்டு வச்சிருந்தாரு. நான் பாத்தேன்."

செயலர் என்னைப் பார்த்தார். "சீட்டு ஏதும் குடுத்தீங்களா சார்?"

"வீணாகாமல் பார்த்துக்கொள் என்று வாயால் சொன்னேன்."

"சீட்டு இருக்காம்மா?"

"எங்கிட்ட இல்ல சார்."

"இல்லாத சீட்ட வச்சு நான் என்ன எழுதுறது?"

செண்பகவல்லியைக் கூப்பிட்டார்கள். உன் புருஷன் ஏதாவது சொன்னானா, ஏதாவது கொடுத்தானா என்று முதல்வர் கேட்டார். அவள் என்னையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "சார் இருக்காகள்ல, அவுக சொல்லட்டும்" என்றாள்.

"என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை" என்றேன்.

கிராமத்துப் பெண்களுக்கு நிர்வாகத்தின்மீது இருக்கும் பயம்தான் அது.

பிப்ரவரி 13, வியாழன்

எப்சிபா வணக்கம் சொல்லவில்லை. சமன்பாட்டுக்கு வெளியே காரணம் தேடினால் இப்படித்தான் ஆகும். அவள் வகுத்த விதி, அந்த விதிப்படியே தீர்ப்பு.

பிப்ரவரி 24, திங்கள்

விசாரணைக் குழுவின் அறிக்கையை ஆட்சிக்குழு ஏற்றுக்கொண்டது. 'ஆய்வக உதவியாளரின் சொந்தக் கவனக்குறைவு.' ஆகவே வாரிசுக்கு நிரந்தர வேலை கொடுக்க வேண்டியதில்லை. செண்பகவல்லிக்குத் தற்காலிகத் துப்புரவு வேலை தரலாம் என்ற யோசனையை நான்தான் முன்வைத்தேன். செயலர், "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றார்.

ஒரு நிபந்தனை. தன் கணவரின் கவனக்குறைவால் நடந்தது, யார் மீதும் புகார் இல்லை என்று அவள் எழுதித்தர வேண்டும். வாசகத்தை நான் சொல்ல கிளார்க் எழுதினான். அவள் அந்தத் தாளை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தமிழில் கையெழுத்துப் போட்டாள். பெயர் மட்டும் எழுதப் பழகியிருப்பாள் போலும்.

வீட்டுக்குச் சமையல் சிலிண்டர் பதிவு செய்தேன்.

மார்ச் 3, திங்கள்

செண்பகவல்லி வேலையில் சேர்ந்தாள். இயற்பியல் துறையைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. ஆய்வகச் சுவரில் வெள்ளை அடித்தும் ஓரிடத்தில் கறை தெரிகிறது. அவள் அந்த இடத்தை மட்டும் துடைக்காமல் விடுகிறாள். மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று ஒரு வேண்டாத பேச்சு. என் அறையைத் துடைக்க வந்தவளிடம், மகள் பரீட்சை எப்படி எழுதுகிறாள் என்று கேட்டேன். மரியாதைக்குக் கேட்டது.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "அந்தச் சீட்டு என்னாச்சு சார்?"

வழக்கமாக அய்யா என்பவள்.

"எந்தச் சீட்டு?"

"ரெண்டு வரி. பச்ச மை. இறுக்கி மூடணும், சனிக்கெழம காலைல வரைக்கும் தொறக்கக் கூடாது. நான் பத்தாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன் சார்."

சட்டென்று என் வாயிலிருந்து வந்தது: "தெரிஞ்சிருந்தா எதுக்கு எங்கிட்ட கொண்டாந்து குடுத்தே? போலீசில் குடுத்திருக்கலாமே."

"எந்தம்பி அதத்தான் சொன்னான். அவுக இருவத்திரெண்டு வருசமா எங்க சார், எங்க சார்னே பேசுவாக. நம்ம போயி மாட்டிவிட்ட மாதிரி இருக்க வேண்டாம், சீட்டு கையில இருந்தா சாரே சொல்லிருவாகன்னு நெனச்சேன். அன்னைக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து, இப்பச் சொல்லிருவாக, இப்பச் சொல்லிருவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். உள்ள கூப்புட்ட பெறகும் பாத்தேன்."

"கையெழுத்து ஏன் போட்டே?"

"பிள்ள பரீச்ச எழுதணும். வீட்டுல ஒல பொங்கணும்."

அவள் அழவில்லை. துணியைப் பிழிந்து மறுபடி துடைக்கத் தொடங்கினாள். மேசைக்கு அடியில் வந்ததும், "காலத் தூக்குங்க சார்" என்றாள்.

தூக்கினேன். அவள் துடைத்து முடிக்கும்வரை இரண்டு காலையும் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 19, புதன்

தற்காலிகப் பணியாளரின் வேலை திருப்தி இல்லை என்று அலுவலகத்துக்குக் குறிப்பு அனுப்பினேன். இன்றோடு நின்றுவிட்டாள்.

ரத்த அழுத்தம் 160/100. மருத்துவர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்.

ஏப்ரல் 26, சனி

எப்சிபா ராஜினாமா. நாசரேத்தில் அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம். கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. விடைபெற வந்தபோது கேட்டேன், இப்போதும் காரணம் என்று ஒன்று இருப்பதாக நம்புகிறாயா என்று.

"நான் நம்புறது இருக்கட்டும் சார்" என்றாள். "காரணமே இல்லன்னு நீங்க உண்மையா நம்புனா, அன்னைக்கு எழுந்து நின்னு, நான்தான் மூடச் சொன்னேன்னு சொல்லியிருப்பீங்க. அதுல உங்களுக்கு என்ன பயம்? வெறும் உறவுதான?"

பதில் இருந்தது. அவள் நிற்கவில்லை.

பிரமு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. இங்கே வெயில் அதிகம். போனில் கேட்டால், வருகிறேன் என்கிறாள், எப்போது என்று சொல்வதில்லை. போவதற்கு முந்தின நாள் கேட்டாள்: "அன்னைக்கு அந்தப் பொம்பள உங்க கையில குடுத்தது என்ன?" நன்றிக் கடிதம் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் துணி அடுக்கினாள்.

ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 2, திங்கள்

முதல்வராகப் பொறுப்பேற்றேன். செயலர் பொன்னாடை போர்த்தினார். நாற்காலி உயரம், முதுகு வலிக்கிறது.

ஜூன் 11, புதன்

சேர்க்கை மந்தம். இயற்பியலில் இன்னும் ஏழு இடம் காலி. இந்தக் காலத்தில் எவனும் இயற்பியல் கேட்பதில்லை. செயலர் கவலைப்படுகிறார். 'பி.எஸ்சி. இயற்பியல்: 7 இடங்கள் உள்ளன' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து என் அறைக்கு வெளியே ஒட்டச் சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

பன்னிரண்டு மணி வாக்கில் செண்பகவல்லி வந்தாள், மகளை அழைத்துக்கொண்டு. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்கும் வேலைக்குப் போகிறாள் போல, விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. பேசியதெல்லாம் மகள்தான். பெயர் கற்பகஜோதி. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். இயற்பியலில் தொண்ணூற்றாறு. இந்த வருடம் விண்ணப்பித்தவர்களில் யாருக்கும் இவ்வளவு இல்லை.

"பி.காம். எடுத்துக்கோயேன். வேலை சீக்கிரம் கிடைக்கும்."

"பிசிக்ஸ்தான் வேணும் சார்."

"ஏன்?"

"எங்கப்பாவோட கவனக்குறைவுன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கு. அது சரியான்னு நானே கணக்குப் போட்டுப் பாக்கணும் சார்."

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஒரு சந்தேகத்தை ஆசிரியரிடம் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். அவள் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இயற்பியலில் இடம் இல்லை" என்றேன்.

"வெளிய ஏழு இடம் இருக்குன்னு போட்டிருக்கே சார்."

"அது போன வாரம் ஒட்டினது. நிரம்பியாச்சு."

விண்ணப்பத்தின் மேல் 'இடமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தப் பெண் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டு அதை வாங்கி, மை காய்வதற்காக ஊதினாள். செண்பகவல்லி எழுந்தாள். "வாட்டீ" என்று மட்டும் சொன்னாள். இருவரும் படியிறங்குகிற சத்தம் கேட்டது.

நான் எழுந்து வெளியே போனேன். கிளார்க்கைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. அறிவிப்பு நன்றாகப் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தேன். பாதி கையோடு வந்தது. ஏழு என்ற எண் சுவரிலேயே நின்றது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

கற்பகஜோதி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என் கையையும் சுவரையும் பார்த்தாள்.

"பேனாவ உங்க மேசையில விட்டுட்டுப் போயிட்டேன் சார்" என்றாள்.

உள்ளே போய் எடுத்துக்கொண்டு போனாள்.